நைட் என்ற ஆங்கிலச் சொல்லை மராத்தியில் எப்படிச் சொல்வது?

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் கே எழுத்தில் தொடங்கும் நைட் என்ற சொல்லுக்கு ஆங்கில-மராத்தி அகராதியைப் புரட்டினால் சர்தார், வீர், கோடா என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் வருகின்றன. எங்கே எதைப் போடுவது? மராத்தியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது என்ன செய்வது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதுரங்கக் காய் என்றால் கோடா, அதாவது குதிரை. பிரிட்டிஷ் மன்னர் கொடுக்கும் பட்டம் என்றால் சர். இடைக்கால ஐரோப்பாவின் கவசம் பூண்ட குதிரைவீரன் என்றால் அகராதிகள் சர்தார் என்கின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. மராத்தியிலேயே ஷிலேதார் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த ஆளுக்கு மிக நெருக்கமானது அதுதான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

இரவைக் குறிக்கும் நைட்டுக்கும் இதற்கும் உச்சரிப்பில் வித்தியாசமே கிடையாது. தமிழில் எழுதினாலும் தேவநாகரியில் எழுதினாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வீட்டில் குட்நைட் கொசுவிரட்டிப் பெட்டி இருந்தால் அதன் ஆங்கில எழுத்தை ஒருமுறை பாருங்கள். இரவு நைட் அல்ல, கே போட்ட நைட். இரவு வணக்கமும் காவல் வீரனும் ஒரே பெயரில் வரும்படி வைத்திருக்கிறார்கள். கொல்கத்தா ஐபிஎல் அணியின் பெயரில் இருப்பதும் இந்த நைட்தான்.

ஒலிக்காத அந்தக் கே வெறும் அலங்காரமாக வந்து சேர்ந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறக்குறைய 'க்னிஹ்த்' என்று ஒலித்தது. ககரமும் உண்டு, நடுவில் தொண்டையிலிருந்து வரும் ஹகரமும் உண்டு. இரண்டும் பிறகு பேச்சில் உதிர்ந்துபோயின, எழுத்தில் மட்டும் தங்கிவிட்டன. அந்தக் காலத்தில் அதன் பொருள் வீரன் அல்ல. பையன், இளைஞன், வேலைக்காரப் பையன். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான க்னெஹ்ட் இன்றும் பண்ணையாள், ஏவலாள் என்ற பொருளில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் அது படிப்படியாக மேலே ஏறியது. வேலைக்காரப் பையன், பிரபு வீட்டில் இருக்கும் ஆள், பிரபுவுக்காக ஆயுதம் எடுக்கும் ஆள், குதிரையில் ஏறிப் போரிடும் ஆள், கடைசியில் பட்டம் பெற்ற கனவான்.

தமிழில் சேவகன் என்ற சொல் இதற்கு நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறது. பழைய தமிழில் சேவகம் என்றால் வீரம், சேவகன் என்றால் வீரன். மாணிக்கவாசகர் கதையில் குதிரை கொண்டுவந்த சிவபெருமானைக் குதிரைச் சேவகன் என்று போற்றுகிறார்கள். இன்று சேவகன் என்றால் ஏவல் செய்பவன். ஆண்டானுக்குப் பக்கத்தில் ஆயுதத்தோடு நிற்பவன் வீரனா வேலைக்காரனா என்ற தடுமாற்றம் பல மொழிகளுக்கும் இருந்திருக்கிறது.

ஐரோப்பாவின் மற்ற மொழிகள் இந்த ஆளுக்குக் குதிரையை வைத்தே பெயரிட்டன. பிரெஞ்சில் ஷெவாலியே, ஸ்பானிஷில் கபாயேரோ, இத்தாலியனில் கவாலியேரே. எல்லாம் குதிரையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஜெர்மனில் ரிட்டர், அதாவது சவாரி செய்பவன். ஆங்கிலமும் ஒரு கட்டத்தில் அந்த வழியில் போகப் பார்த்தது. நார்மன் வெற்றிக்குப் பிறகு, 1086இல், வில்லியம் மன்னன் தன் மகன் ஹென்றிக்கு இந்தத் தகுதியை அளித்ததை எழுதிவைத்த ஆங்கில வரலாற்றுக் குறிப்பு, ஹென்றியை 'ரிடெரெ' ஆக்கினான் என்கிறது. சவாரிக்காரன் என்றே பொருள். ஆனால் அந்தச் சொல் நிலைக்கவில்லை. பையன் என்ற பழைய சொல்லே வென்றது. அதனால்தான் ஆங்கிலத்தில் மட்டும் இந்தப் பெயருக்குள் குதிரை இல்லை.

பெயரில் இல்லாவிட்டால் என்ன, வாழ்க்கையே குதிரையைச் சுற்றித்தான். இந்த இடம்தான் மராத்தியைப் புரிந்துகொள்ள முக்கியம்.

போருக்கான குதிரை, அதற்குத் தீனி, பார்த்துக்கொள்ள ஆள், பயணத்துக்கு வேறு குதிரை, வலைக்கவசம், பிற்காலத்தில் 20, 25 கிலோ எடையுள்ள தகட்டுக் கவசம், ஈட்டி, வாள். இவை எல்லாமே நைட்டின் சொந்தச் செலவு. அந்தச் செலவுக்காக மன்னனோ பிரபுவோ அவனுக்கு நிலம் விட்டிருப்பார்கள். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 40 நாள் தன் குதிரையோடும் ஆயுதத்தோடும் போருக்கு வரவேண்டும் என்பது வழக்கமான கணக்கு. வர முடியாதவன் பணம் கட்டலாம். அந்தப் பணத்துக்குக் கேடயப் பணம் என்று பொருள்படும் பெயர். பிற்பாடு பலர் பணம் கட்டுவதையே விரும்பினார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் நில வருமானம் உள்ளவர்கள் நைட் ஆகியே தீரவேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றி கட்டாயப்படுத்தும் அளவுக்கு இது செலவு பிடித்த கௌரவம். ஏறக்குறைய 400 ஆண்டுகள் கழித்து முதலாம் சார்லஸ் மன்னர் அதே பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து அபராதம் வசூலித்ததும், நாடாளுமன்றம் அதை 1641இல் ஒழித்ததும் இங்கிலாந்து வரலாற்றில் பெரிய சண்டைகளில் ஒன்று.

சரி, போரில் குதிரை செத்தால்? நிலத்துக்கு ஈடாக வந்தவனுக்கு அது சொந்த நஷ்டம். சம்பளம் வாங்கிப் போருக்குப் போகும் பழக்கம் வந்த பிறகு இதற்கு ஒரு வழி செய்தார்கள். முதலாம் எட்வர்டு காலத்திலிருந்து, படை புறப்படும்போதே ஒவ்வொரு குதிரையையும் மதிப்பிட்டு, நிறமும் அடையாளமும் விலையும் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். போரில் குதிரை போனால் அந்த விலையை அரசுக் கருவூலம் கொடுக்கும். அந்தப் பதிவேடுகளில் பல இன்றும் இருக்கின்றன. எந்த நைட் எப்படிப்பட்ட குதிரையில் வந்தான் என்பதை அவற்றிலிருந்து படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது மகாராஷ்டிரத்துக்கு வருவோம்.

சிவாஜி மகாராஜாவின் குதிரைப்படையில் இரண்டு வகை வீரர்கள். குதிரையும் ஆயுதமும் அரசு கொடுக்க, ஏறிப் போரிடுபவன் பார்கீர். சொந்தக் குதிரையோடும் ஆயுதத்தோடும் வந்து சேர்பவன் ஷிலேதார். ஆயுதத்தைக் குறிக்கும் சிலாஹ் என்ற அரபுச் சொல்லோடு, உடையவன் என்று பொருள்படும் தார் என்ற பாரசீக விகுதி சேர்ந்து பிறந்தது ஷிலேதார். அரசுக் குதிரைகள் நிற்கும் லாயத்துக்கும் அந்தப் படைக்கும் பாகா என்று பெயர். 25 பார்கீர்களுக்கு ஒரு ஹவல்தார், 5 ஹவல்தார்களுக்கு மேல் ஒரு ஜும்லேதார், 10 ஜும்லேதார்களுக்கு மேல் ஒரு ஹஜாரி, எல்லாருக்கும் மேலே சர்நௌபத். ஒவ்வொரு 25 பேருக்கும் ஒரு தண்ணீர்க்காரனும் லாடம் அடிக்கும் நால்பந்தும் உண்டு. படை எப்படி நகர்ந்தது என்பதை வெற்றிப் பட்டியல்களைவிட இந்த லாடக்காரன் எனக்கு நன்றாகக் காட்டித் தருகிறான்.

இந்த ஏற்பாட்டை விவரிப்பவர் கிருஷ்ணாஜி அனந்த் சபாசத். அவருடைய பகர், அதாவது வரலாற்று உரைநடை, எழுதப்பட்டது மகாராஷ்டிரத்தில் அல்ல, நம் செஞ்சிக் கோட்டையில். 1690களில் சிவாஜியின் மகன் ராஜாராம் அங்கிருந்து ஆட்சி நடத்தியபோது அவருக்காக எழுதினார். முகலாயர்கள் முற்றுகையிட்டிருந்த நேரத்தில் உருவான எழுத்து அது.

சிவாஜி பாகாவைத்தான் அதிகம் நம்பினார். ஷிலேதார்களைப் பாகாவின் கட்டுக்குள் வைத்தார். காரணம் எளிது. சொந்தக் குதிரையில் வருபவனிடம் சுதந்திரம் இருக்கிறது, கூடவே ஒரு தயக்கமும் இருக்கிறது. குதிரை செத்தால் அவன் பிழைப்பே போய்விடும். எனவே அதை ஆபத்தில் தள்ள யோசிப்பான். கொள்ளையில் பங்கு வேண்டும் என்பான். பார்கீருக்கு அந்தக் கவலை இல்லை. குதிரை அரசுடையது, அவன் வேலை சொன்னபடி பாய்வது. இங்கிலாந்தில் பதிவேடு போட்டு நஷ்டஈடு கொடுத்துத் தீர்த்த அதே சிக்கலை மராத்தியர் வேறு விதமாகத் தீர்த்தார்கள். குதிரையையே அரசுடைமை ஆக்கிவிட்டார்கள்.

நிலமும் அப்படித்தான். படை வைத்துக்கொள்ள ஒருவருக்கு விட்டுக்கொடுக்கும் வருவாய் நிலத்துக்கு மராத்தியில் சரஞ்ஜாம் என்று பெயர். ஆங்கில நைட்டுக்கு விடப்பட்ட நிலத்துக்கு மிக நெருங்கிய ஏற்பாடு இதுதான். சிவாஜி இந்த வழக்கத்தை விரும்பவில்லை, ரொக்கச் சம்பளத்தையே விரும்பினார். செஞ்சியில் ராஜாராம் காலத்தில் கஜானா காலியாக இருந்ததால் நிலம் கொடுத்து ஆள் சேர்க்க வேண்டியதாயிற்று. அதிலிருந்துதான் பின்னால் பெரிய பெரிய சர்தார்கள் வளர்ந்தார்கள்.

இங்கேதான் சர்தார் என்ற அகராதிப் பொருளில் எனக்குள்ள சிக்கல். சர் என்றால் பாரசீகத்தில் தலை. சர்தார் என்றால் தலைமை வகிப்பவர். மராத்தி வரலாற்றில் சர்தார் என்றதும் ஷிந்தே, ஹோல்கர், கைக்வாட் என்ற பெயர்கள்தான் நினைவுக்கு வரும். குவாலியர், இந்தூர், பரோடா என்று ஆளுக்கொரு நாட்டை ஆண்ட குடும்பங்கள். நைட் அப்படியல்ல. ஆங்கிலப் படிநிலையில் அவன் பிரபுக்களுக்குக் கீழே. ஒரு கிராமமோ இரண்டோ, கூட இரண்டு மூன்று ஆட்கள். அவனைச் சர்தார் என்பது தாசில்தாரைக் கவர்னர் என்று கூப்பிடுவதுபோல. தமிழில் எழுதும்போது இன்னொரு தொல்லையும் சேரும். நம் வாசகருக்குச் சர்தார் என்றால் தலைப்பாகை கட்டிய சீக்கியர்தான் மனதில் வருவார்.

ஷிலேதாரிலும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நைட் ஆவது ஒரு சடங்கு. ஏழு வயதுவாக்கில் பிரபு வீட்டுக்கு ஏவல் பையனாகப் போய், 14 வயதுவாக்கில் ஒரு நைட்டுக்கு உதவியாளாகி, 21 வயதுவாக்கில் மண்டியிட்டு வாளால் தோளில் தொடப்பட்டு எழவேண்டும். ஷிலேதார் ஆக இப்படி ஒன்றும் கிடையாது. குதிரையோடு வா, பெயரைப் பதிவுசெய், அவ்வளவுதான். ஆகவே வீரன் என்ற பொருளில் ஷிலேதார் சரி. தகுதி, சடங்கு, சபதம் முக்கியமாக வரும் இடத்தில் நைட் என்றே மராத்தியிலும் தமிழிலும் எழுதி, முதல் முறை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுவது நல்லது. மாவீரன் என்று மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் வீரம் வருகிறது, தகுதி காணாமல் போகிறது. கோழையான நைட் ஒருவன் கதையில் வந்தால் என்ன செய்வீர்கள்?

ஷிலேதார் என்ற சொல் மராத்தியில் செத்துப்போன வரலாற்றுச் சொல் அல்ல என்பதும் அதன் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம். இன்றைய மராத்திச் செய்தித்தாளில் ஒரு கட்சித் தலைவரின் நம்பிக்கைக்குரிய தளகர்த்தர்களை அவருடைய ஷிலேதார்கள் என்று எழுதுவார்கள். குடும்பப் பெயராகவும் இருக்கிறது. மராத்தி சங்கீத நாடக மேடையில் புகழ்பெற்ற ஜயமாலா ஷிலேதார் ஓர் உதாரணம். எல்லாவற்றையும்விட அழகானது ஏகாண்டா ஷிலேதார் என்ற வழக்கு. படையோடு சேராமல் தனி ஆளாகத் தன் குதிரையில் வருபவன் என்பது அதன் அடிப்படை. இன்று யாரும் துணைக்கு இல்லாமல் ஒரு காரியத்துக்காக ஒற்றை ஆளாகப் போராடுபவரை அப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ஊர் ஊராக அலைந்து நியாயத்துக்காகச் சண்டையிடும் தனி நைட்டுக்கு ஒரு பெயர் உண்டல்லவா, நைட் எர்ரண்ட் என்று? அதற்கு இதைவிடப் பொருத்தமான மராத்தி கிடைக்காது.

பார்கீருக்கு வேறு கதி. 1740களில் நாக்பூர் போஸ்லேக்களின் குதிரைப்படை வங்காளத்தில் ஆண்டுக்கணக்கில் கொள்ளையிட்டது. அங்கே பார்கீர் என்பது பர்கி ஆகி, குழந்தையைத் தூங்கவைக்கும் தாலாட்டுக்குள் பயமுறுத்தும் பெயராகப் போய்ச் சேர்ந்தது. மகாராஷ்டிரத்தில் படைவீரன், வங்காளத்தில் பூச்சாண்டி. ஐரோப்பாவிலும் நைட்டுகள் கடந்துபோன கிராமங்களில் அவர்களைப் பற்றி நல்ல பேச்சு இருந்திருக்காது. கதைகளை எழுதவைத்தவர்கள் கிராமத்தார் அல்ல, அரண்மனைக்காரர்கள்.

ஷிலேதார் முறையைப் பிரிட்டிஷாரும் எடுத்துக்கொண்டார்கள். சில்லாதார் என்று அவர்கள் வாயில் மாறியது. இந்தியக் குதிரைப்படைப் பிரிவுகள் பலவற்றில், சேரும் வீரன் குதிரையோடு வருவான் அல்லது குதிரைக்கும் சாமான்களுக்கும் ஒரு தொகை கட்டுவான். குதிரை செத்தால் மாற்றுக் குதிரை வாங்க எல்லாரிடமும் மாதாமாதம் பிடித்துச் சேர்க்கும் சந்தா நிதி ஒன்று இருந்தது. சென்னை மாகாணத்துக் குதிரைப்படை மட்டும் இதில் சேரவில்லை, அங்கே குதிரை சர்க்காருடையதாகவே இருந்தது. முதல் உலகப்போர் இந்த முறையை உடைத்துவிட்டது. அயல்நாட்டுப் போர்முனையில் கூட்டங்கூட்டமாகக் குதிரைகள் விழும்போது சந்தா நிதி எந்த மூலைக்குக் காணும்? போர் முடிந்த சில ஆண்டுகளில் கைவிட்டார்கள்.

மராத்தியில் இன்னொரு சொல்லையும் விட்டுவிடக் கூடாது. ராஊத். குதிரைவீரன் என்று பொருள். இன்று மகாராஷ்டிரத்தில் பரவலான குடும்பப் பெயர். ராஜபுத்திரன் என்ற வடசொல் பிராகிருதத்தில் தேய்ந்து இப்படி ஆனது. அதே சொல்தான் தமிழில் இராவுத்தர். குதிரை வணிகமும் குதிரைப்படைத் தொழிலும் செய்த தமிழ் முஸ்லிம்களின் பெயராக அது நம்மிடம் நிலைத்தது. அருணகிரிநாதர் முருகனையே மயில் ஏறும் இராவுத்தன் என்று அழைக்கிறார். குதிரை இருக்கவேண்டிய இடத்தில் மயில். 15ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கவிஞருக்கு, கம்பீரமாக ஏறிவரும் வீரன் என்றதும் இந்தச் சொல் இயல்பாக வந்திருக்கிறது. ஐரோப்பிய நைட்டை இராவுத்தன் என்று மொழிபெயர்க்கச் சொல்லமாட்டேன்; இன்று அது ஒரு சமூகத்தின் பெயர். ஆனால் மராத்தி வரலாற்று நாவலில் ராஊத் என்று வந்தால் அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். குதிரைவீரனாக இருக்கக்கூடும்.

அடுத்தது பட்டம். நீள்வில்லும் ஈட்டிப்படையும் வெடிமருந்தும் வந்த பிறகு கவசக் குதிரைவீரனின் போர் மதிப்பு குறைந்தது. 1346இல் கிரெசியிலும் 1415இல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சு நைட்டுகள் ஆங்கில வில்லாளிகளிடம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரிந்த கதை. வேலை போனது, மரியாதை மட்டும் நின்றது. குதிரையே ஏறாத வியாபாரிக்கும் அறிஞருக்கும் பட்டம் போகத் தொடங்கியது. 1705இல் ஐசக் நியூட்டனுக்கு அன்னே அரசி கேம்பிரிட்ஜில் வைத்துக் கொடுத்தார்.

பட்டத்தில் இரண்டு வகை. எந்தக் குழுவிலும் சேராத சாதாரண நைட் பட்டம் ஒன்று; இதுதான் பழையது. குறிப்பிட்ட ஓர் அமைப்பில் உறுப்பினராக்கித் தருவது மற்றொன்று. 1348 வாக்கில் மூன்றாம் எட்வர்டு தொடங்கிய கார்ட்டர் அமைப்பு அவற்றில் மூத்தது, மன்னரையும் இளவரசரையும் தவிர 24 பேருக்குத்தான் இடம். இந்தியாவுக்கென்று 1861இல் ஸ்டார் ஆஃப் இந்தியா, 1878இல் இந்தியன் எம்பயர் என்று இரண்டு அமைப்புகளைத் தொடங்கினார்கள். பழைய பெயர்ப்பலகைகளில் கே.சி.எஸ்.ஐ., கே.சி.ஐ.இ. என்று வருவதெல்லாம் அவற்றின் உள்பட்டங்கள். பட்டம் பெற்றவருக்குச் சர், பெண்ணுக்கு 1917 முதல் டேம். மகனுக்குப் போகாது. மகனுக்கும் போகும் சர் வேண்டுமென்றால் பாரனெட் ஆகவேண்டும், அது 1611இல் ஜேம்ஸ் மன்னர் உருவாக்கிய வேறு பட்டம். மும்பையின் ஜம்சேட்ஜி ஜீஜீபாய்க்கு இரண்டும் கிடைத்தன. 1842இல் நைட், 1857இல் பாரனெட். பட்டத்தோடு பெயரும் தொடரவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அடுத்தடுத்து வந்த வாரிசுகள் எல்லாரும் தங்கள் பெயரை விட்டு ஜம்சேட்ஜி ஜீஜீபாய் ஆனார்கள். மும்பையில் சர் ஜே.ஜே. மருத்துவமனை, சர் ஜே.ஜே. கலைப்பள்ளி என்று நீங்கள் கேட்கும் சர் அதுதான்.

ஆங்கில வழக்கில் சர் முதற்பெயரோடுதான் ஒட்டும். சர் ஐசக் என்பார்கள், சர் நியூட்டன் என்று சொல்வதில்லை. நாம் அதைக் கவனிப்பதில்லை, மராத்தியரும் கவனிப்பதில்லை. சர் ராமன் என்று தாராளமாக எழுதுகிறோம். மராத்தியில் இன்னொரு சுவையான வேறுபாடு இருக்கிறது. சர் பெயருக்கு முன்னால் வந்தால் பட்டம், பின்னால் வந்தால் வாத்தியார். சர் பாண்டார்கர் என்றால் 1911இல் பட்டம் பெற்ற சமஸ்கிருத அறிஞர் ராமகிருஷ்ண கோபால் பாண்டார்கர். பாண்டார்கர் சர் என்றால் பக்கத்துத் தெருவில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவராக இருக்கலாம். தமிழில் பட்டத்துக்குச் சர், வாத்தியாருக்குச் சார் என்று எழுத்திலேயே பிரித்துவிட்டோம். மராத்தியில் அந்த வசதி இல்லை, இடத்தை வைத்துத்தான் பிடிக்கவேண்டும்.

பட்டம் என்ற சொல்லுக்கு மராத்தியில் பதவி என்றும் சொல்வார்கள், கிதாப் என்றும் சொல்வார்கள். சர் ஹா கிதாப், அதாவது சர் என்ற பட்டம், என்று படித்ததும் புத்தகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கிதாப் வேறு. மல்யுத்தத்தில் மகாராஷ்டிர கேசரி என்ற கிதாப்புக்காக மோதுகிறார்களே, அதே கிதாப்.

பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 1919 மே மாத இறுதியில் ரவீந்திரநாத் தாகூர் வைஸ்ராய்க்கு எழுதிய கடிதம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வருகிறது. அதற்கு முன்பே சென்னையில் ஒருவர் கொடுத்துவிட்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியாவுக்குச் சுயாட்சி வேண்டி 1917இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு எழுதினார். பிரிட்டிஷ் தரப்பிலிருந்து கண்டனம் வந்தது. பட்டத்தை உதறிவிட்டார். தாகூருக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சுதந்திர இந்தியாவில் அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, படை, கல்வி சார்ந்தவை தவிர வேறு பட்டங்களை அரசு தருவதையும், இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டு அரசிடம் பட்டம் ஏற்பதையும் தடுக்கிறது. பிரிட்டிஷ் மன்னரைத் தங்கள் நாட்டுத் தலைவராகக் கொள்ளாத வெளிநாட்டவருக்கு அவர்கள் தருவது கௌரவ நைட், அதற்குச் சர் கிடையாது. ரத்தன் டாட்டாவுக்கு 2009இலும் 2014இலும் கிடைத்தவை அப்படிப்பட்டவை. சர் ரத்தன் டாட்டா என்று பார்த்தால் அது ஜம்சேட்ஜி டாட்டாவின் மகன், வேறு ஆள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பிரிட்டிஷ் குடிமகன் ஆதலால் 2012இல் முழுப் பட்டமே பெற்றார்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை வைத்துப் பிறந்த சில வழக்குகள் மொழிபெயர்ப்பில் இடறும். வொயிட் நைட் என்றால் வணிகப் பக்கத்தில், ஒரு நிறுவனத்தை வேண்டாதவர் வளைத்துப்போட வரும்போது, இணக்கமான நிபந்தனையோடு வாங்கிக் காப்பாற்ற வரும் மற்றொரு நிறுவனம். பிளாக் நைட் என்றால் வளைக்க வந்தவர். பளபளக்கும் கவசம் போட்ட நைட் என்றால் தக்க சமயத்தில் வந்து கைகொடுப்பவன், பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கு. தமிழில் ஆபத்பாந்தவன் போதும், கவசத்தை இழுத்துவர வேண்டியதில்லை. ஷிவல்ரி என்ற நைட் பண்புக்கு மராத்தி அழகாக ஒரு சொல்லை உருவாக்கிவைத்திருக்கிறது: ஸ்த்ரீதாக்ஷிண்ய. பெண்களிடம் காட்டும் தாட்சண்யம். பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பது வரைக்கும் அதற்குள் அடங்கும். நைட் பண்பில் வீரம், விசுவாசம், தோற்றவனிடம் இரக்கம் என்று பலவும் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் மராத்தி எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே போர்க்களத்து ஷிவல்ரிக்கு இந்தச் சொல்லைப் போட்டுவிடக் கூடாது.

கடைசியாகச் சதுரங்கம். மராத்தியில் விளையாட்டின் பெயர் புத்திபள், அறிவு பலம். காய் கோடா. ஆங்கிலம்தான் இங்கே விலகி நிற்கிறது. இந்தியாவில் சதுரங்கம் என்றால் யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு படைகள். அதில் குதிரையாக இருந்தது பாரசீகத்திலும் குதிரை, ரஷ்யாவிலும் குதிரை, ஸ்பெயினிலும் குதிரை. இங்கிலாந்தில் குதிரைமேல் ஏறியிருக்கும் ஆளைக் கணக்கில் எடுத்தார்கள், பலகையில் நிற்பது என்னவோ குதிரைத் தலை மட்டும். ஆட்டக் குறிப்பில் கே எழுத்தை ராஜா எடுத்துக்கொண்டதால் குதிரைக்கு ஆங்கில 'என்' எழுத்து.

அதன் நகர்வை மராத்தியில் அடீச் கர், அதாவது இரண்டரைக் கட்டம் என்பார்கள். ஹத்தி (யானை) நேராக, உண்ட் (ஒட்டகம்) குறுக்காக, கோடா இரண்டரைக் கட்டம் என்றுதான் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மற்றக் காய்கள் பலவற்றின் ஓட்டம் நூற்றாண்டுகளில் மாறியிருக்கிறது. குதிரையின் தாவல் பழங்காலத்திலிருந்து மாறவே இல்லை. அந்தத் தாவலை வைத்து, ஒரு கட்டத்துக்கு ஒரே முறை என்று பலகை முழுவதையும் சுற்றிவரும் புதிரை ஆங்கிலத்தில் நைட்ஸ் டூர் என்கிறார்கள். கணித மேதை ஆய்லர் 1759இல் அதை ஆராய்ந்தார். காஷ்மீரத்து ருத்ரடர் 9ஆம் நூற்றாண்டிலேயே பாதிப் பலகையில் அதைக் கவிதையாகச் செய்துவிட்டார். வேதாந்த தேசிகர் பாதுகா சகஸ்ரத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். ஸ்ரீரங்கநாதரின் பாதுகையைப் பாடும் அந்த நூலில் 32 எழுத்துகள் கொண்ட ஒரு சுலோகத்தை நான்கு வரிசை, வரிசைக்கு எட்டு என்று கட்டங்களில் நிரப்பி, குதிரை தாவும் வரிசையில் படித்தால் அடுத்த சுலோகம் கிடைக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. காகிதத்தில் கட்டம் போட்டு ஒருமுறை செய்துபாருங்கள், கை நடுங்கும்.

மொழிபெயர்ப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் குதிரை அல்ல, அதற்குப் பக்கத்தில் நிற்பவை. மராத்தியில் யானை மூலையில் நிற்கும் காய். நம் யானையும் அதுதான், சிக்கல் இல்லை. உண்ட், அதாவது ஒட்டகம், நம் ஊரில் மந்திரி. வஜீர் என்பதைப் பார்த்ததும் கை தானாக மந்திரி என்று எழுதப் போகும். எழுதினால் ஆட்டமே தலைகீழ். மராத்தி வஜீர் நம்முடைய ராணி.